குழந்தையும் தேதியும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தபால்காரர் கடை வாசலில் வந்து நின்றதும் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பீர்கள். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். கெட்ட செய்தி எதுவும் இல்லை. நான் நலம். நீங்கள், அண்ணன், அம்மா, உங்கள் குட்டிப்பெண் வாண்டு எல்லோரும் நலமா? அம்மாவின் இருமல் நின்றதா?

போனில் எனக்குப் பேச வராது. அண்ணன் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, "பேசு பூனை, எல்லாரும் கேக்கறோம்" என்பார். எல்லோரும் கேட்கிறார்கள் என்பதுதான் என் சிக்கலே. "ம்", "சாப்பிட்டேன்", "சரிண்ணா" என்று நான் முடிப்பதற்குள் அம்மா, "வேலையா இருப்பா, வெச்சிடு" என்பாள். உங்கள் குரல் அடுப்படியிலிருந்து லேசாகக் கேட்கும், அவ்வளவுதான். பேனா பிடித்தால் எனக்குக் கொஞ்சம் வாய் திறக்கிறது. அதனால்தான் வீட்டுக்கு எழுதாமல் உங்கள் தையல் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது. காலையில் கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தத்தில்தான் விழிப்பு வருகிறது. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, நான் ஒருத்தி. வேலை செய்யும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம். கால் வளைந்த, கால் மெலிந்த, ஒரு கால் நீண்டு மறுகால் குட்டையான குழந்தைகளுக்கு அளவெடுத்து ஷூவும் தாங்கு பட்டையும் செய்து கொடுக்கும் மையம் அது. முன்பக்கம் டாக்டர்கள், நடுவில் அளவெடுக்கும் அறை, பின்னால் தோலும் பசையும் நாறும் பட்டறை. பட்டறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கம்ப்யூட்டரும் நானும். எல்லோரும் மளமளவென்று பேசுகிறார்கள். நான் தலையாட்டியே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டேன். நம் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். இப்படி ஓர் இடத்தில் எப்படி உட்கார வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று யாரைக் கேட்பது?

அளவெடுக்கும் அறையில் இருப்பவரை எல்லோரும் டேப் அக்கா என்கிறார்கள். உங்களைப் போலவே கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதைக் கண்டால் உடனே உங்கள் ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் கிளம்பிய அன்று வாண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்தாளே, அது கண்ணிலேயே நிற்கிறது. இடது குதிகால் தரையில் படாமலேதான் ஓடினாள். இப்போது எப்படி நடக்கிறாள்? சும்மா கேட்டேன்.

கடிதம் வந்தது நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்,
பூனை


ஜனவரி 26

அன்புள்ள பூனைக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கம்மாவின் இருமல் போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சுதான் இன்னும் போகவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இல்லை, அங்கேயும் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் நகரவே இல்லை. "யாருங்க இந்தக் காலத்துல லெட்டர் போடறது?" என்றார். துணிக் கம்பெனி விளம்பரம் என்று சொல்லி அனுப்பினேன். கையால் எழுதிய விளம்பரம்! நம்பிவிட்டார் பாவம்.

உன் அண்ணன் தெரு முழுக்க, "தங்கச்சி கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரியில வேலை பார்க்குது" என்று சொல்லி வைத்திருக்கிறார். நேற்று பக்கத்து மளிகைக் கடைக்காரர், "கம்ப்யூட்டருக்கு ஊசி போடுவாங்களாம்மா, இல்ல மாத்திரை மட்டும்தானா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்கே தெரியாது. அன்று போனில் நார்மல் என்று ஏதோ சொன்னாய். "எல்லாத்தையும் நார்மல் ஆக்குற வேலையாம், முதல்ல வாயைத் திறந்து பேசற அளவுக்கு இவ நார்மல் ஆகட்டும்" என்று உன் அண்ணன் சிரித்தார். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. புரிந்துவிட்டால் மளிகைக் கடைக்காரர் வாயை அடைத்துவிடுவேன்.

ஜூனில் வாண்டுவைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கும் சீருடை பேன்ட்தானாம். நல்லதாகப் போயிற்று, நானே தைத்துவிடுவேன். மளமளவென்று உயர்கிறாள். வாயும் கூடவே வளர்கிறது. நேற்று உங்கம்மாவிடம், "பாட்டி, நீ கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்றாள். இந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் பிறந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்ததில் கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். நான் நலம், சாப்பிடுகிறேன், ஜன்னலையும் பார்க்கிறேன். மளிகைக் கடைக்காரரிடம் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, வெறும் பத்தியம்தான் என்று சொல்லிவிடுங்கள்.

என் வேலையைச் சொல்கிறேன். இங்கே ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. ஒரு குழந்தை ஒரு முறை வந்து போனால் அதில் ஒரு வரி. அந்த வரியிலேயே குழந்தையின் பெயர், அப்பா பெயர், ஊர், போன் எண், பார்த்த டாக்டர், அந்த டாக்டரின் அறை, எடுத்த அளவு, செய்த ஷூ எல்லாம் இருக்கும். அடுத்த மாதம் அதே குழந்தை வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டுவார்கள். பத்து முறை வந்த குழந்தையின் ஊர் பத்து இடத்தில் இருக்கும்.

இருந்தால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் ஒரு குழந்தைக்கு ஷூ தயாராகிவிட்டது, ஆனால் யாரும் வாங்க வரவில்லை. போன் செய்தால் யாரோ எடுத்து "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறார். அந்த அம்மா எண் மாறியதை எப்போதோ சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு வரியில் மட்டும் திருத்தியிருக்கிறார்கள். மற்ற வரிகளில் பழைய எண் அப்படியே கிடக்கிறது. ஒரே செய்தியை அண்ணனிடம் ஒரு விதமாகவும் அம்மாவிடம் வேறு விதமாகவும் சொல்லி வைத்துவிட்டு, யாரிடம் எதைச் சொன்னோம் என்று நாம் முழிப்போமே, அது மாதிரி.

இன்னொரு கூத்து. புதிதாக ஒரு டாக்டர் வந்தார். அவர் பெயரை எழுத அட்டவணையில் இடமே இல்லை. ஒரு குழந்தை அவரைப் பார்த்தால்தானே ஒரு வரி பிறக்கும்! "நான் வேலைக்குச் சேர்ந்துட்டேனா இல்லையாம்மா?" என்று என்னிடமே வந்து கேட்டார். அதற்கு நேர் மாறாகவும் நடந்தது. ஒரே ஒரு முறை வந்த ஒரு குழந்தையின் வரியைத் தவறான பதிவு என்று அழித்தார்கள். அந்த வருகையோடு குழந்தையும் போய்விட்டது. இப்போது அதன் ஊரும் தெரியாது, போனும் தெரியாது.

இந்தக் குழப்பத்தைப் பிரித்து, ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய இடத்தில் ஒரே ஒரு முறை வைக்க வேண்டும். அதற்குப் பெயர் நார்மலைசேஷன். பெயர்தான் பெரிது. நீங்கள் கடையில் ஊசியை ஊசி டப்பாவிலும் பொத்தானைப் பொத்தான் டப்பாவிலும் போடுகிறீர்களே, அந்தப் புத்திதான்.

வாண்டுவின் நடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. முன்பு மாதிரி அடிக்கடி விழுகிறாளா?

அம்மாவைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களை யார் கவனிக்கிறார்கள்?

பூனை


பிப்ரவரி 22

அன்புள்ள பூனைக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். உன் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், கேள்.

கடை நோட்டில் ஒவ்வொரு தடவையும் ஆளின் பெயர், அளவு, துணி எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் ரோஷம் வந்து, ஆளுக்கொரு அட்டை போட்டு அளவை அதில் மட்டும் எழுதினேன். நோட்டில் பெயர் மட்டும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'டீச்சர்' என்று என்னிடம் மூன்று பேர் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். ஒல்லி டீச்சரின் சட்டையைக் குண்டு டீச்சர் அளவுக்குத் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நானும் என் வகுப்பும் சேர்ந்தே போகலாம் போலிருக்கே" என்றார். நல்ல மனுஷி.

சரி என்று ஆளுக்கொரு எண் கொடுத்தேன். பேங்க் அம்மாவுக்குப் பதினான்கு. "பதினாலு, உங்க துணி ரெடி" என்று கூப்பிட்டேன். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று பிடித்துக்கொண்டார். உன் படிப்பால் எனக்கு இரண்டு வாடிக்கை போகப் பார்த்தது.

ஒரு சந்தேகம். ஒரு செய்தியை ஒரே இடத்தில் வைக்கிறாய், சரி. அந்த ஓர் இடத்தில் இருப்பதே தப்பாக இருந்தால்? நாலு இடத்தில் இருந்தாலாவது எங்கேயோ ஓரிடத்தில் உண்மை மிஞ்சியிருக்குமே?

விழுகிறாளா என்று கேட்டிருந்தாய். குழந்தை என்றால் விழாமல் இருக்குமா? எழுந்துகொள்கிறாள்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். டீச்சர் கதையை டேப் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்ததும் அளவு கொடுத்துக்கொண்டிருந்த குழந்தையும் சிரித்தது. நான் ஒரு கதை சொல்லி இங்கே ஒருவர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

எண் கொடுத்தது சரிதான் அண்ணி. ஆனால் அது அட்டைக்குத்தான், ஆளைக் கூப்பிட அல்ல. பேங்க் அம்மாவை "வாங்க மேடம்" என்றே கூப்பிடுங்கள், பதினான்கு உங்கள் மனசுக்குள் இருக்கட்டும்.

பிரிக்கும் வேலை முடிந்துவிட்டது. ஒவ்வொரு செய்தியையும் பிடித்து நிறுத்தி, "நீ யாரைப் பற்றியவன்?" என்று கேட்டேன். ஊர் குழந்தையைப் பற்றியது, எனவே குழந்தைகள் அட்டவணைக்குப் போ. அறை எண் டாக்டரைப் பற்றியது, டாக்டர்கள் அட்டவணைக்குப் போ. ஒரே கட்டத்தில் இரண்டு போன் எண்களைத் திணித்திருந்தார்கள். அவற்றைத் தனித்தனி வரியாக்கினேன். வருகைக்கு ஓர் அட்டவணை. அதில் குழந்தையின் எண், டாக்டரின் எண், தேதி. இவ்வளவுதான். கால் அளவையும் குழந்தையோடேயே வைத்துவிட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்ததும் வீடு கூட்டி முடித்தது மாதிரி இருந்தது.

உங்கள் சந்தேகத்தை மேலாளரிடமே கேட்டேன். ஒரே இடத்தில் தப்பாக இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்றார். ஆனால் தப்பு என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அதை அட்டவணை செய்யாது.

இங்கே வாண்டு வயதில் ஒருத்தி வருகிறாள். ஒரு ஷூவுக்கு மட்டும் அடிப்பகுதி தடிமன். நடைவழியில் எல்லோரையும் நிறுத்தி, "என் ஷூ மாடி வெச்ச ஷூ" என்று காட்டுகிறாள். மற்ற குழந்தைகள் பொறாமையோடு பார்க்கிறார்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன்.

பூனை


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் நலம்தானே?

வீடு கூட்டி முடித்தது மாதிரி என்று எழுதினேன் அல்லவா? கூட்டியதில் ஒரு முக்கியமான சாமானையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். டேப் அக்கா அளவெடுத்து எண்ணைச் சொன்னார், நான் தட்டினேன். பிறகு, "போன தடவை எவ்வளவு இருந்துச்சு, பார்த்துச் சொல்லு" என்றார். திரையில் ஒரே எண்தான் இருந்தது.

"இதுதான்க்கா இருக்கு."

"அது இப்ப எடுத்தது. போன தடவை எடுத்தது?"

"புதுசு போட்டா பழசு போயிடும்க்கா. ஒரு செய்தி ஒரே இடத்துலதான..."

"இவன் என்ன கதவாம்மா? கதவுக்குத்தான் ஒரே அளவு. வளர்ற பிள்ளைக்கு ஏது ஒரே அளவு?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "நீ யாரைப் பற்றியவன்?" என்று நான் கேட்ட கேள்விக்குக் கால் அளவு பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் முழுதாகக் கேட்கவில்லை. ஊர், குழந்தையைப் பற்றியது. கால் அளவோ குழந்தையும் தேதியும் சேர்ந்ததைப் பற்றியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ஜனவரி அளவும் மார்ச் அளவும் பார்வைக்கு ஒரே செய்தி இரண்டு முறை எழுதியது போலத் தெரிந்தது. உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு செய்திகள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறது, இரண்டு நாள் போதும் என்றேன். "அப்ப ஏன் இங்க நின்னுக்கிட்டு இருக்கே?" என்றார். சரி செய்துவிட்டேன்.

அதன் பிறகு டாக்டரிடம், பழைய அளவு ஏன் இவ்வளவு அவசியம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு காலுக்கும் துளி வித்தியாசம் நிறைய பேருக்கு இருக்கும்மா. அது ஒண்ணும் பெரிசு இல்ல. அது அப்படியே நிக்குதா, கூடிக்கிட்டே போகுதான்னுதான் பார்க்கணும். ஒரு தடவை அளந்தா அது தெரியாது. வளர்ற வயசுல கூட்டிக்கிட்டு வந்தா நாம செய்யறதுக்கு நிறைய இருக்கு. வளர்ந்து முடிச்சப்புறம் வந்தா கையைப் பிசையணும்."

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று... ஒன்றுமில்லை. என் வேலையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள், எழுதினேன்.

பதில் எழுதுங்கள் அண்ணி. நாலு வரி போதும்.

பூனை


ஏப்ரல் 19

பூனைக்கு,

நலம். வேலை மிகுதியால் எழுத முடியவில்லை. நீ அனுப்பிய இரண்டும் வந்தன.

வெயில் காலம்தான், இருந்தாலும் தரையில் விரிக்க ஆகுமே என்று துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூடவே இரண்டு கண்ணாடி டம்ளர். உடையாமல் இருக்க வாண்டுவின் பழைய பேன்டில் சுற்றியிருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மேசை துடைக்க வைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. டம்ளர் இரண்டும் முழுசாக இருக்கின்றன. போர்வையை விரித்து உட்கார்ந்தால் உங்கள் கடையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எந்தத் துண்டு யாருடையது என்று தேடிப் பார்த்தேன். குண்டு டீச்சரின் பூப்போட்ட துணி நடுவில் இருக்கிறது. எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

பேன்டைக் கொண்டு மேசை துடைக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தைக்கும்போது கீழ்விளிம்பில் துணியைக் கூடுதலாக உள்ளே மடித்துத் தைப்பீர்கள், பிள்ளை வளர வளர அந்த மடிப்பைப் பிரித்து நீளமாக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கே அப்படித்தான் தைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பிரித்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் இரண்டிரண்டு கோடுகள். முதல் கோடு இரண்டிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதில் இடது கால் ஒரு மயிரிழை மேலே. இப்போது கடைசியாகத் தைத்திருக்கும் விளிம்பில் இடது கால் ஒரு விரல் அகலம் மேலே. நான் தப்பாக மடித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்தேன். நீங்கள் கோணல் மாணலாகத் தைக்கிறவர் இல்லை அண்ணி. நம் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உங்களைப் போல நேராகத் தையல் போடுகிறவர் கிடையாது.

யாரிடமும் காட்டவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பூனை


மே 10

அன்புள்ள பூனைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை அரை நாள் மூடிவிட்டேன். வயிற்று வலி என்று சொன்னேன்.

டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றியிருக்கலாம். கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. கை அந்தப் பேன்டைத்தான் எடுத்தது. ஏன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. வாயால் சொல்ல முடியாததால் அனுப்பினேனோ என்னவோ.

போன வருஷம் ஒரு நாள் சாப்பிடும்போது நீதான் கேட்டாய், "வாண்டு ஏன் குதிகாலைத் தூக்கியே நடக்கிறா?" என்று. உன் அண்ணன், "நாலு புக்கு படிச்சதும் டாக்டர் ஆயிட்டியா?" என்றார். நீ அத்தோடு அடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மறுநாள் உங்கம்மா கடைக்கே வந்து, "நிறைமாசம் வரைக்கும் அந்த மெஷினை மிதிச்சியே, நான் சொன்னா கேட்டியா? வயித்துல இருந்த பிள்ளைக்குத்தான் இழுத்துக்கிச்சு" என்றார். வாடிக்கைக்காரர்கள் முன்னால். உன் அண்ணன் ராசியாகப் பேசுகிற மாதிரி, "எதுக்கு வம்பு, கால் சரியாகறவரைக்கும் மெஷினை வித்துட்டு வீட்டோட இரு" என்றார். நான், "காலுக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் அளந்து பார்த்தேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். டேப் பிடிக்கிறவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? அன்றிலிருந்து அது வீட்டில் உண்மையாகிவிட்டது.

அப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பேன்டைக் காலுக்கு ஏற்ற மாதிரி வெட்டுவேன். தரையில் புரளாது, யார் கண்ணிலும் உறுத்தாது. சீருடை பேன்ட் என்றதும் எனக்கு மூச்சு வந்ததற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு தடவை மடிப்பைப் பிரிக்கும்போதும் இந்த முறை இரண்டும் ஒன்றாக இருந்துவிடாதா என்று நினைத்துக்கொண்டேதான் டேப்பை எடுப்பேன். இருக்காது. ஒரே இடத்தில் இருப்பது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அப்போது உன்னைக் கேட்டேனே, டீச்சர் சட்டைக்காகக் கேட்கவில்லை.

இப்போது சாயங்காலம் ஆனால் இடுப்பு வலிக்கிறது என்கிறாள். அவள் வயதில் இடுப்பு வலியா என்று உங்கம்மா சிரிக்கிறார்.

மெஷின் மிதித்ததால் இப்படி ஆகுமா? நான் கேட்டதாகச் சொல்லாமல் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுது. ஆகும் என்றாலும் மறைக்காமல் எழுது.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரிடம் கேட்டேன். யார் கேட்கச் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "இதை ஒவ்வொரு அம்மாவும் என்கிட்ட கேக்கறாங்க. ஒருத்தங்க ஏணி ஏறினேன்பாங்க, ஒருத்தங்க தண்ணி தூக்கினேன்பாங்க, ஒருத்தங்க மெஷின் மிதிச்சேன்பாங்க. மெஷினுக்கும் குழந்தை காலுக்கும் சம்பந்தமே இல்ல. போய்த் தைரியமா சொல்லு" என்றார். பக்கத்தில் இருந்த டேப் அக்கா, "எந்த அப்பாவும் நான் என்ன பண்ணினேன்னு கேட்டதில்ல டாக்டர்" என்றார். இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

விளிம்புக் கோடுகளைப் பற்றியும் சொன்னேன், யாருடையது என்று சொல்லாமல். டேப் அக்கா அதை வரைந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "வித்தியாசம் கூடிக்கிட்டே போகுது. ஆனா இன்னும் சின்னதுதான். நல்ல நேரத்துல தெரிஞ்சிருக்கு" என்றார். இடுப்பு வலியைப் பற்றியும் கேட்டார். ஷூவில் உயரம் கொடுத்தாலே பாதி வலி குறைந்துவிடுமாம், ஆனால் இடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார்.

இங்கே முதல் நாள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். படுக்க வைத்து அளப்பார்கள், நிற்க வைத்து அளப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், ஒரு படம் எடுப்பார்கள். ஊசி கிடையாது. பழைய அட்டவணையில் அப்பா பெயரும் அப்பா போன் எண்ணும் இல்லாமல் பதிவே ஆகாது. நான் பிரித்தபோது அதை மாற்றிவிட்டேன். அழைத்து வருபவர் என்று தனி இடம் இருக்கிறது, அம்மா என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். புதுக் குழந்தைகளைச் செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் வாசலிலேயே நிற்பேன். அறை சின்னதுதான், மூன்று பேர் படுக்கலாம், படுத்துப் பார்த்துவிட்டேன்.

அண்ணனிடம் நான் பேசுகிறேன். எனக்குப் பேச வராதுதான். டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன். அவர் நடுவில் அதட்டினாலும் தாளில் இருப்பது தீரும்வரை படிப்பேன். அம்மாவும் கேட்கட்டும். நீங்கள் அளந்ததாகச் சொன்னதைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அதை எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. மெஷினை விற்கும் பேச்சு மறுபடி வந்தால் அதற்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோதே இதைக் கேட்கத்தான் நினைத்தேன். சைக்கிள் கடை, பட்டறை, அட்டவணை என்று எதையெதையோ எழுதினேன், இதை மட்டும் எழுத வரவில்லை. வீட்டில் சண்டை வந்தால் அடிபடப் போவது நீங்கள்தானே என்று பயமாக இருந்தது. இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணி, பள்ளி திறப்பதற்குள் வாண்டுவை என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பூனை